பசையக்கா ஒட்டிய வாழ்த்து அட்டை

அட்டைப்பெட்டிப் பட்டறையில் இருபத்தெட்டு வருடமாக ஒட்டுகிறவள் அவள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. மேஸ்திரிக்கும் வேன்காரனுக்கும் தெருவுக்கும் அவள் பசையக்கா. செருப்புப் பெட்டி, மருந்துப் பெட்டி, கண்ணாடி டம்ளர் வைக்கிற பெட்டி, எதுவானாலும் அவள் கை பட்டு ஒட்டியது வாயைப் பிளந்துகொண்டு திரும்பி வந்ததாக ஒரு புகார் கிடையாது.

புதிதாக வேலைக்கு வருகிற பெண்களுக்கு அவள் சொல்லிக்கொடுப்பது ஒன்றே ஒன்றுதான். தாளை அட்டை மேல் போட்டதும் உள்ளங்கையால் நீவிப் பார்க்க வேண்டும். பசை எங்காவது கட்டி நின்றால் கையில் தட்டும். "தட்டுச்சுன்னா சோம்பேறித்தனம் படாதீங்கடி. ஈரம் இருக்கும்போதே பிரிச்சு எடுத்துடணும். காய்ஞ்சப்புறம் அந்தக் கட்டிதான் எஜமான், நாம வேலைக்காரி" என்பாள். அதற்கு மேல் பேச மாட்டாள். பக்கத்து மேஜைக்காரி ஒருத்தி, "ஏன் பசையக்கா, நாக்குக்கும் ஒரு கோட்டு பசை தடவிட்டியா?" என்று கேலி பண்ணுவாள். இவள் சிரித்துக்கொண்டே அடுத்த அட்டையை எடுப்பாள்.

அவளைக் கட்டினவன் இரண்டாம் வருடமே மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தான். பிள்ளை இல்லை. உறவென்று சொல்லிக்கொள்ள ஒரே தங்கை, பத்து வயது இளையவள். அப்பா தண்டவாளத்தில் வேலை பார்த்துத் தண்டவாளத்திலேயே செத்தவர். அதற்கு ஈடாகப் பிள்ளைகளில் ஒருத்திக்கு வேலை தருவதாக ரயில்வேயிலிருந்து கடிதாசி வந்தது. மூத்தவளுக்குத்தான் முறை. ஆனால் மூத்தவள் நாலாவதோடு நின்றவள், சின்னவள் பத்து முடித்தவள். "நீயே போடி, எனக்குப் பசை போதும்" என்று இவள்தான் தங்கையின் கையில் அந்தக் கடிதாசியைத் திணித்தாள். தங்கை ரயில்வே கேட் கீப்பர் ஆனாள். ஊருக்கு வெளியே ஒரு கேட், கேட்டுக்குப் பின்னால் ஒற்றை அறைக் குவார்ட்டர்ஸ், அதில் அவளும் அவள் மகளும். தகப்பன்காரன் வெளிநாட்டு வேலை என்று போனவன், அங்கே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான் என்று கேள்வி.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு காலை அந்தக் கேட் திறந்தே கிடந்தது. ரயில் வந்தது. பைக்கில் ஒரு தகப்பன், பின்னால் புத்தகப்பையோடு அவன் மகள். இரண்டு பேரும் இல்லை.

தங்கை ஓடி ஒளியவில்லை, வக்கீல் வேண்டுமென்று கேட்கவும் இல்லை. போலீசிலும் கோர்ட்டிலும் ஒரே வார்த்தைதான் சொன்னாள்: "தூங்கிட்டேன்." மூன்று வருடம் போட்டார்கள். ஊர் காறித் துப்பியது. பசையக்காவுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. அவள் தங்கை சின்ன வயதிலிருந்தே கோழித்தூக்கக்காரி, பல்லி சத்தம் போட்டால் எழுந்து உட்காருகிறவள். அவளா தூங்கினாள்? கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். 'நான் போயிருக்க வேண்டிய வேலை, நான் தள்ளிவிட்ட வேலை' என்று இவள் தன்னையே நொந்துகொண்டு, தங்கையின் மகளைத் தன் வீட்டுக்குக் கூட்டி வந்தாள்.

மகளுக்கு ஏழு வயது. வீட்டில் பொடிசு என்று கூப்பிடுவார்கள். முன்னெல்லாம் வாய் ஓயாது. இங்கே வந்தபின் கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். ஒரு தடவைகூட அழவில்லை. சோறு வேண்டும் என்று கேட்டதில்லை, தண்ணீர் வேண்டும் என்று கேட்டதில்லை. நடுவில் வயிற்றுப்போக்கு வந்து சுருண்டு கிடந்தபோதும் யாரையும் கூப்பிடவில்லை. பசையக்கா வேலை முடிந்து வந்து பார்த்தபோது துணியெல்லாம் நாறிப்போய்க் கிடந்தாள். "ஏண்டி, பக்கத்து வீட்டுல ஒரு குரல் குடுக்கக் கூடாதா?" என்றதற்கு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பதினைந்து நாளைக்கு ஒரு ஞாயிறு ஜெயிலில் பார்க்க விடுவார்கள். பசையக்கா தனியாகப் போனால் தங்கை கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பாள். பிள்ளையைக் கூட்டிப்போனால் வர மாட்டாள். இரண்டு தடவை கூட்டிப்போனாள், இரண்டு தடவையும் பொடிசு காலி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்கு அடுத்த தடவை தங்கை, "அக்கா, அவளை இங்க கூட்டிட்டு வராதே. அந்தப் பைக்குல பின்னாடி உக்காந்திருந்த புள்ளைக்கும் இவ வயசுதான். எனக்கு இவ முகத்தைப் பார்க்க முடியல" என்றாள்.

"உனக்குப் பார்க்க முடியல, சரி. அவளுக்குப் பார்க்கணுமே. அதுக்கு என்ன பண்றது?"

தங்கை திரும்பி உள்ளே போய்விட்டாள். பிள்ளையிடம் என்ன சொல்வது? "அம்மாவுக்கு உடம்பு சரியில்ல" என்று பசையக்கா சொன்னாள். பொடிசு நம்பினாளா என்பது தெரியவில்லை. நாளுக்கு நாள் விளக்கில் எண்ணெய் வற்றுவதுபோல அந்தப் பிள்ளை உள்ளுக்குள் வற்றிக்கொண்டு போவது மட்டும் தெரிந்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பெற்றவள் வந்து முகம் காட்டிவிட்டால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும். அதற்கு என்ன வழி என்றுதான் பசை கிண்டும்போதெல்லாம் அவள் மனம் கிண்டிக்கொண்டிருந்தது.

இப்படி இருக்கையில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பொடிசு தானாக வாயைத் திறந்தாள்.

"பெரியம்மா, டீச்சர் அம்மாவுக்கு வாழ்த்து அட்டை செய்யச் சொன்னாங்க."

"எதுக்கு வாழ்த்து? பொறந்த நாளா?"

"இல்ல. சும்மாத்தான். அம்மாவா இருக்கறதுக்கு. கையில குடுத்துட்டு, அம்மா என்ன சொன்னாங்கன்னு திங்கக்கெழமை எழுந்து நின்னு சொல்லணும்."

"டீச்சருக்கு நம்ம கதை தெரியாதா?"

"தெரியும். நீ வேணும்னா உங்க பெரியம்மாவுக்குச் செய்யின்னாங்க. நான் மாட்டேன்னுட்டேன்."

பசையக்காவுக்குச் சுருக்கென்றது. அடுத்த நிமிடமே, பிள்ளை ஒரு விஷயத்தில் மாட்டேன் என்று சொன்னதே என்று சந்தோஷமாகவும் இருந்தது. நாளைக்கு ஜெயில் ஞாயிறு. ஆளை அனுப்பினால் வராதவள், அட்டையை உள்ளே அனுப்பினால் வரமாட்டாளா? அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"டீச்சர் மெச்சற மாதிரி பண்ணிடுவோம். எடு அந்த மூட்டையை."

பட்டறையில் கழித்த துண்டுகள் ஒரு மூட்டை வீட்டில் எப்போதும் கிடக்கும். உள்ளே நெளிநெளியாக இருக்கும் தடி அட்டையில் இரண்டு துண்டு எடுத்தாள். நடுவே துணிப்பட்டை வைத்து இரண்டையும் சேர்த்தாள், புத்தக அட்டை மாதிரி திறந்து மூடியது. மேலே ஒட்ட வெள்ளைத் தாள், ஓரம் உள்பக்கம் மடித்து, மடிப்பைப் பட்டறையில் நீவ வைத்திருக்கும் எலும்புத் துண்டால் நீவினாள். பட்டறைப் பசை ஒரு டப்பாவில் இருந்தது. மைதாவைக் கிண்டி, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் ஒரு சிட்டிகை போட்ட பசை. லேசாக நீலம் பாய்ந்திருக்கும்.

"நக்கிடாதே, துத்தம் போட்டது" என்றாள்.

"தெரியும். நான் என்ன பாப்பாவா?"

முன்பக்கம் பொடிசு கலர் பென்சிலால் படம் போட்டாள். பூ போடுவாள், பட்டாம்பூச்சி போடுவாள் என்று எட்டிப் பார்த்தாள் பசையக்கா. சிவப்பும் வெள்ளையுமாக ஒரு கேட். இறக்கி மூடிய கேட். அதற்கு அந்தப் பக்கம் ரயில், இந்தப் பக்கம் ஒரு பைக், அதில் இரண்டு பேர் பத்திரமாக நின்றுகொண்டிருந்தார்கள்.

உள்ளே எழுதினது இரண்டே வரி. பசையக்கா எழுத்துக் கூட்டிப் படித்தாள். 'அம்மாவுக்கு வாழ்த்து. இனிமேல் கூப்பிட மாட்டேன்.'

"எங்கடி கூப்பிட மாட்டே? வீட்டுக்கு வான்னா?"

பொடிசு பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தாள். இரண்டு தடவை ஜன்னலில் ஏமாந்த கோபம் போல என்று பசையக்கா விட்டுவிட்டாள்.

"உள்பக்கத் தாள் நான் ஒட்டறேன் பெரியம்மா. நீ தொடக் கூடாது."

"சரி மேஸ்திரி" என்று அவள் அடுப்பைப் பார்க்க எழுந்து போனாள். திரும்பி வரும்போது தாள் ஒட்டியாகிவிட்டது. கை சும்மா இருக்குமா? உள்ளங்கையால் ஒரு நீவு நீவினாள். கீழ்மூலையில் தட்டியது.

"கட்டி நிக்குது பாரு. ஈரமாத்தான் இருக்கு, பிரிச்சு எடுத்துடலாம்."

பொடிசு இரண்டு கையாலும் அந்த இடத்தைப் பொத்திக்கொண்டாள். "வேணாம் பெரியம்மா. நான் ஒட்டினது. விட்டுடேன். எனக்காக விட்டுடேன்."

எட்டு மாதத்தில் அந்தப் பிள்ளை வாய்விட்டு ஒன்று கேட்டது அதுதான். பசையக்கா விட்டாள். இருபத்தெட்டு வருடத்தில் தெரிந்தே விட்ட முதல் கட்டி. ஓரமெல்லாம் தன் கையால் இன்னொரு முறை பசை இழுத்து, அழுத்தி, மேலே அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தாள். காலையில் பார்த்தால் அட்டை பலகை மாதிரி விறைப்பாக இருந்தது.

ஜெயில் வாசலில் பதிவு நோட்டு. பசையக்காவுக்குக் கையெழுத்துப் போட வரும் என்றாலும் கைநாட்டும் வேண்டும் என்பார்கள். அட்டை தேய்த்துத் தேய்த்து அவள் பெருவிரலில் ரேகையே இல்லை. மை மொத்தையாக அப்பியது. "என்னம்மா, ரேகையை வீட்டுல கழட்டி வச்சிட்டு வந்துட்டியா?" என்று நோட்டுக்காரர் வழக்கம்போலச் சிரித்தார். அவளும் வழக்கம்போலச் சிரித்தாள்.

அடுத்து சோதனை மேஜை. அங்கே உட்காருகிற சோதனைக்காரம்மா பொல்லாதவள் இல்லை. சோப்பையும் பிஸ்கட்டையும் பார்த்துத் தள்ளினாள். அட்டையை எடுத்ததும் முகம் மலர்ந்தது.

"அட, கடையில வாங்கின மாதிரி இருக்கே. யாரு செஞ்சது?"

"நானும் பெரியம்மாவும்" என்றாள் பொடிசு.

"அம்மாவுக்கா? சமர்த்து." சோதனைக்காரம்மா ஓரத்தில் நகத்தை விட்டுப் பார்த்தாள். நகம் போகவில்லை. இன்னொரு ஓரம் பார்த்தாள். "ஒத்தைத் தாள்தான் உள்ள விடுவோம், ஒட்டினது விட மாட்டோம். போர்டுல எழுதியிருக்கே, படிக்கலையா? சரி, பிள்ளைங்க அட்டைதானேன்னு பிரிச்சுப் பார்த்துட்டு அனுப்புவேன். மத்ததெல்லாம் ஊதினா பிரியும். இது என்ன இப்படிப் பிடிச்சிருக்கு?"

அங்கேதான் பசையக்கா வாயை விட்டாள். கெஞ்சியிருக்கலாம், தெரியாமல் செய்துவிட்டோம் என்றிருக்கலாம். அவளுக்கு வந்தது வேலைக்காரியின் பெருமை.

"நான் ஒட்டினா பிரியாதும்மா."

சோதனைக்காரம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அட்டையை உள்ளங்கையால் மெதுவாகத் தடவினாள். கீழ்மூலையில் கை நின்றது.

பிளேடு வந்தது. பொடிசு மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். கேட் போட்ட படம் குறுக்கே கிழிந்தது, பைக் ஒரு பக்கம் ரயில் ஒரு பக்கம் போயிற்று. உள்தாள் உரிந்தது. நெளிவு அட்டையில் பென்சில் முனையால் குடைந்த ஒரு குழி, அதிலிருந்து வெள்ளையாக ஒன்று மேஜையில் விழுந்து உருண்டது.

ஒரு பால்பல்.

"அது அம்மாவுக்கு! தாங்க!" என்று கத்தினாள் பொடிசு.

அதோடு போயிருந்தால் சோதனைக்காரம்மா சிரித்துவிட்டுப் பல்லைத் திருப்பிக் கொடுத்திருப்பாள். அவள் கை பல்லை எடுக்கத்தான் போனது. ஆனால் கண் குழிக்குப் போயிற்று. "இது என்ன, நீலமா?"

"துத்தம்மா. மயில்துத்தம். பூச்சி வராம இருக்கப் பசையில போடுவோம்."

"துத்தம்னா விஷம்தானே?"

"கொஞ்சூண்டுதாம்மா. ஒரு சிட்டிகை."

"அந்தச் சிட்டிகைக்குத்தான் என்னை இங்க உக்கார வச்சிருக்காங்க." அவள் கையைத் துணியில் துடைத்தாள். முகம் மாறிவிட்டது. "ரெண்டு மாசத்துக்கு முன்னாடி உள்ள ஒருத்தி எதையோ முழுங்கிட்டா. இந்த மேஜையில இருந்தவளை வேலையை விட்டே அனுப்பிட்டாங்க. எனக்கும் வீட்டுல ரெண்டு இருக்கு. நான் எழுதித்தான் ஆகணும்மா, தப்பா நினைக்காதே."

எழுதினார்கள். மறைத்து வைத்த பொருள் ஒன்று, விஷம் கலந்த பசை ஒன்று. உள்ளே இருப்பவளுக்குத் தெரிந்து வந்ததா தெரியாமல் வந்ததா என்று அவளைக் கூப்பிட்டு எழுதி வாங்க வேண்டும், அதுவரை பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். இன்றைக்குப் பார்க்க முடியாது, இன்னும் மூன்று மாதத்துக்கும் முடியாது என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள்.

வராந்தாவில் நீள பெஞ்ச். பசையக்கா பிள்ளையின் தோளைப் பிடித்துத் திருப்பினாள். கோபம் பிள்ளை மேலா, தன் நாக்கின் மேலா என்று அவளுக்கே தெரியவில்லை.

"ஏண்டி வச்சே? சொல்லித் தொலைச்சிருந்தா கையிலயே கொண்டு வந்திருக்கலாமே?"

"அம்மா அதைப் பார்க்கத்தான் வந்தா" என்றாள் பொடிசு. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எப்போ வந்தா?"

"அன்னைக்கு. பல்லு ஆடி விழுந்துச்சு, ரத்தமா வந்துச்சு. நான் பயந்துட்டு அம்மா அம்மான்னு கூப்பிட்டேன். அம்மா கேட்டை விட்டுட்டு ஓடி வந்தா. வாசல்கிட்ட வரும்போதே டமால்னு சத்தம். அம்மா அப்படியே திரும்பி ஓடிட்டா. பல்லைப் பார்க்கவே இல்ல." நிமிர்ந்து பார்த்து, "இப்பப் பார்த்துட்டான்னா எல்லாம் முடிஞ்சுடும்ல?" என்றாள்.

கோழித்தூக்கக்காரி கோர்ட்டில் சொன்ன அந்த ஒற்றை வார்த்தைக்கு பசையக்காவுக்கு இப்போதுதான் அர்த்தம் தெரிந்தது. பிள்ளை கூப்பிட்டு வந்தேன் என்று சொல்லியிருந்தால் பேப்பரில் வந்திருக்கும், ஊர் பேசியிருக்கும், நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் எவளாவது ஒருத்தி இதன் மூஞ்சிக்கு நேரே சொல்லியிருப்பாள். அதற்காகத் தூங்குமூஞ்சி என்ற பட்டத்தைத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இங்கே பிள்ளை, அது தெரியாமல், எட்டு மாதமாக வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறது.

அதற்குள் தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். வெள்ளைப் புடவை தோளில் நிற்காமல் வழிந்தது, அவ்வளவு இளைத்திருந்தாள். பெஞ்சைப் பார்க்காமல் அறைக்குள் போனாள். கதவு திறந்தே இருந்தது.

"இது என்னன்னு தெரியுதா?" அதிகாரியின் குரல்.

தங்கையின் குரல், "பல்லு."

"யாரோடது?"

"எம் பொண்ணோடது. மேல்வரிசை, இடது பக்கம்."

"அதெப்படி பார்த்ததும் சொல்றே?"

"ஆடிக்கிட்டிருந்துச்சு சார்."

"நீ கேட்டு வந்ததா?"

"இல்ல சார். எனக்கு ஒண்ணும் தெரியாது."

கையெழுத்து வாங்கினார்கள். பல்லை ஒரு பழுப்புக் கவரில் போட்டு, கவரின் பசை பிடிக்காததால் ஸ்டேப்ளர் அடித்தார்கள். "எனக்குத் தருவீங்களா?" என்று அவள் கேட்டதும், "ரிப்போர்ட்டோட போகணும்" என்று பதில் வந்ததும் பெஞ்ச் வரை கேட்டது.

வெளியே வந்தவள் அப்படியே போயிருப்பாள். இரண்டடி தாண்டியும் விட்டாள். பிறகு நின்றாள். திரும்பி வந்து பிள்ளைக்கு முன்னால் குனிந்தாள். காவலுக்கு வந்தவள், "தொடக் கூடாது, நடம்மா" என்றாள். தங்கை கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வாயைத் திற."

பொடிசு ஆவென்று திறந்தாள். மேல்வரிசை, இடது பக்கம். அங்கே புதுப்பல் பாதி முளைத்திருந்தது. தங்கை தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். வைத்தியர்கூட அப்படிப் பார்க்க மாட்டார்.

"கோணலா வருது. நாக்கால துழாவாதே."

"அம்மா, நான் இனிமே உன்னைக் கூப்பிடவே மாட்டேம்மா."

தங்கை அக்காவை ஒரு பார்வை பார்த்தாள். 'உனக்கும் தெரிந்துவிட்டதா' என்கிற பார்வை. பிறகு பிள்ளையிடம் திரும்பி, திடமாகச் சொன்னாள்.

"நீ எப்பக் கூப்பிட்டே? நான் தூங்கிட்டேன்டி. நீ கூப்பிடவே இல்ல." போகிற போக்கில், "வாயை மூடு, ஈ போகும்" என்றாள். வராந்தா முனையில் இரும்புக் கதவு திறந்து மூடியது.

பஸ் ஸ்டாப்பில் நிழல் இல்லை. கிழிந்த அட்டைத் துண்டுகளைக்கூடத் தரவில்லை, கை வெறுங்கை. பொடிசு பெரியம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"நான் கூப்பிட்டேன் பெரியம்மா. மூணு தடவை கூப்பிட்டேன். அம்மா ஏன் கூப்பிடலைங்கறா?"

தங்கை ஒட்டிவிட்டுப் போன ஒட்டு அது. மேலே இவளும் ஒரு கை நீவிவிட்டால் போதும். 'ஆமா, அம்மா தூங்கிட்டா, உனக்குக் கனவு' என்று ஒரு வார்த்தை. ஆனால் பிள்ளை எத்தனை நாளைக்கு அதைச் சுமந்துகொண்டு, கூப்பிட்டேனா இல்லையா என்று தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு திரியும்? பசையக்கா மை ஒட்டிய பெருவிரலைச் சேலையில் தேய்த்தாள். நேற்று கையில் தட்டியதை விட்டதன் பலன் இன்றைக்கே கிடைத்துவிட்டது.

"கூப்பிட்டே" என்றாள். "ரத்தம் வந்தா புள்ளை அம்மாவைத்தான் கூப்பிடும். வேற யாரைக் கூப்பிடும்? அது உன் வேலை, நீ பண்ணினே. கேட்டை அடைச்சிட்டு வர்றது அவ வேலை. அடைக்காம வந்துட்டா. அவ்வளவுதான். உன் மேல பழி வந்துடக் கூடாதுன்னு பொய் சொல்றா. நீ அவகிட்ட தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே."

"அந்தப் பைக்குல வந்தவங்க?"

"அவங்க செத்துட்டாங்கடி" என்றாள்.

அப்போதுதான் பொடிசு அழுதாள். பஸ் வந்து, நின்று, போயிற்று. அடுத்த பஸ்ஸும் போயிற்று. பெரியம்மா, பெரியம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே அழுதாள். பக்கத்தில்தானே நிற்கிறேன் என்று பசையக்கா சொல்லவில்லை. கூப்பிடட்டும் என்று விட்டாள். சரியாகச் செய்தோமா, ஏழு வயதுக்கு இதைச் சொல்லியிருக்கலாமா என்று அவளுக்கு இன்றுவரை நிச்சயமில்லை.

திங்கட்கிழமை வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து நின்று சொன்னார்களாம். ஒருத்தி அம்மா முத்தம் கொடுத்தாள் என்றாளாம், ஒருவன் அம்மா அழுதுவிட்டாள் என்றானாம். இவள் முறை வந்ததும் டீச்சர், "நீ உக்காரும்மா" என்றிருக்கிறார். இவள் உட்காரவில்லை.

"பல்லு கோணலா வருதாம். நாக்கால துழாவக் கூடாதுன்னு அம்மா சொன்னாங்க" என்றாளாம்.

வகுப்பே சிரித்ததாம். சாயங்காலம் பட்டறைக்கு வந்து இதைச் சொன்னபோது பசையக்கா ஒரு மருந்துப் பெட்டிக்குத் தாள் போட்டுக்கொண்டிருந்தாள். கை பாட்டுக்கு நீவியது. பொடிசு பக்கத்தில் அட்டைக்கட்டு மேல் உட்கார்ந்து, நாக்கைப் பல்லுக்குக் கொண்டுபோவதும் ஞாபகம் வந்து இழுத்துக்கொள்வதுமாக இருந்தாள். அடுத்த ஜெயில் ஞாயிறுக்கு இன்னும் தொண்ணூற்றேழு நாள் இருந்தது.